தப்பிக்க வழி இருந்தும் திரும்பி வந்தவர்... ஹிட்லரை எதிர்த்த போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரின் கதை!

உங்களுக்கு 33 வயசு. நல்ல படிப்பு இருக்கு, எழுதிய புத்தகங்களுக்குப் பேரும் இருக்கு. ஆனால், சொந்த நாட்டில் நிலைமை படுமோசம். பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கத் தடை. நீங்கள் நடத்திய கல்லூரிக்கு போலீஸ் பூட்டு போட்டுவிட்டது. இன்றோ நாளையோ போர் வெடிக்கப்போகிறது, ராணுவத்தில் சேரச் சொல்லி எப்போது வேண்டுமானாலும் உத்தரவு வரலாம். இந்த நேரத்தில் நண்பர்கள் சேர்ந்து அமெரிக்காவில் உங்களுக்கு ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். நியூயார்க்கில் வந்து இறங்கியாச்சு. தங்க அறை ரெடி.

இப்ப சொல்லுங்க, நாலே வாரத்தில் அந்தப் பழைய நாட்டுக்கே திரும்பிப் போவீங்களா?

1939 ஜூலையில் ஒருவர் போனார். அவர் பெயர் டீட்ரிக் போன்ஹோஃபர். ஜெர்மனியைச் சேர்ந்த கிறிஸ்தவப் போதகர். திரும்பிப் போய் ஆறு வருஷம்கூட ஆகவில்லை, ஹிட்லரின் ஆட்கள் அவரைத் தூக்கில் போட்டார்கள். ஒரு போதகருக்கு அரசியல் எதுக்கு என்று கேட்கிறவர்களுக்கும், மதத்தை வைத்தே அரசியல் செய்கிறவர்களுக்கும் இன்றுவரை தொந்தரவு கொடுத்துக்கொண்டிருக்கிற வாழ்க்கை அவருடையது.

டாக்டர் வீட்டுப் பையன்

1906 பிப்ரவரி 4-ம் தேதி ப்ரெஸ்லாவ் நகரத்தில் பிறந்தார் போன்ஹோஃபர். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. வீட்டில் எட்டுப் பிள்ளைகள். இவரும் சபீனாவும் இரட்டையர்கள். அப்பா கார்ல், நாடறிந்த மனநல மருத்துவர். 1912-ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்க, குடும்பமே தலைநகருக்குக் குடிவந்தது. அம்மா பவுலா ஆசிரியர் பயிற்சி பெற்றவர். பிள்ளைகளுக்கு ஆரம்பப் பாடங்களை வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார்.

வாராவாரம் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் இல்லை அது. ஜெபமும் பைபிள் கதைகளும் அம்மா வழியாக வந்தவை. அப்பா ஆதாரம் கேட்கிற அறிவியல்காரர். 1918-ல், முதல் உலகப்போரின் கடைசி வருஷத்தில், அண்ணன் வால்டர் போர்க்களத்தில் காயம்பட்டு இறந்துபோனார். அந்தத் துக்கம் அம்மாவைப் பல மாதங்கள் முடக்கிப் போட்டது. அப்போது டீட்ரிக்குக்கு 12 வயது.

சில வருஷங்கள் கழித்து, இறையியல் படிக்கப்போவதாக வீட்டில் சொன்னார். அண்ணன்மார்கள் சிரித்தார்கள். சபை என்பது சத்தில்லாத அமைப்பு, அங்கே போய் வாழ்க்கையை வீணடிக்கிறாயே என்று கிண்டல் செய்தார்கள். அப்படியானால் அதை நான் சீர்திருத்துகிறேன் என்று பதில் சொன்னாராம் தம்பி. டீன் ஏஜ் வீறாப்புதான். ஆனால், 1927-ல் முனைவர் பட்ட ஆய்வை முடித்தபோது அவருக்கு வயது 21. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஹார்லமில் கற்ற பாடம்

1930-ல் ஒரு வருஷம் படிக்க நியூயார்க் போனார். அங்கே வகுப்பறையைவிட அவரை அதிகம் மாற்றியது, கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லம் பகுதி. ஃப்ராங்க் ஃபிஷர் என்கிற கறுப்பின நண்பர் அவரை அபிசீனியன் பாப்டிஸ்ட் சபைக்குக் கூட்டிப்போனார். பாட்டு, கண்ணீர், கைதட்டல், அநியாயத்தைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிற பிரசங்கம். பெர்லினின் அமைதியான ஆராதனைகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது புது உலகம். அங்கேயே ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

ஒருமுறை நண்பர்களோடு ஓர் உணவகத்துக்குப் போனபோது ஃபிஷருக்கு மட்டும் சரியாகப் பரிமாற மறுத்தார்கள். போன்ஹோஃபர் எழுந்து வெளியே வந்துவிட்டார். தட்டு யாருக்கு மறுக்கப்படுகிறதோ அவர் பக்கம் நிற்பது என்ற பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது. ஊர் திரும்பும்போது கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்கள் அடங்கிய இசைத்தட்டுகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போனார்.

பெர்லினில் அவருக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று, தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் திடப்படுத்தல் வகுப்பு எடுப்பது. யாருக்கும் அடங்காத பையன்கள். முதல் நாளே கத்திக் கலாட்டா செய்தார்கள். போன்ஹோஃபர் அதட்டவில்லை. முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற குரலில் ஹார்லம் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். என்ன சொல்றார் என்று கேட்பதற்காகவே வகுப்பு அமைதியானது. பிறகு அந்தப் பகுதியிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டார்.

ஐந்தரை மாதத்தில் காணாமல்போன ஜனநாயகம்

ஜனநாயகம் சாகும்போது பீரங்கிச் சத்தம் கேட்கும் என்றுதானே நினைக்கிறோம்? ஜெர்மனியில் கேட்டது பேனா சத்தம்தான். இந்தத் தேதிகளைக் கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

1933 ஜனவரி 30: ஜனாதிபதி ஹிண்டன்பர்க், ஹிட்லரைப் பிரதமர் பதவியில் அமர்த்துகிறார். ஹிட்லரின் கட்சி முந்தைய நவம்பர் தேர்தலில் வாங்கியது சுமார் 33 சதவிகித வாக்குகள்தான். ஆனாலும் அதுதான் தனிப்பெரும் கட்சி.

பிப்ரவரி 27: நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்து எரிகிறது. மறுநாளே அவசர ஆணை. பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை எல்லாம் நிறுத்திவைக்கப்படுகின்றன.

மார்ச் 23: நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அரசு சட்டம் போடலாம் என்று நாடாளுமன்றமே வாக்களிக்கிறது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியின் 94 பேர் மட்டும்.

ஜூலை 14: நாட்டில் இனி ஒரே கட்சிதான் என்று சட்டம்.

ஐந்தரை மாதம். அவ்வளவுதான். ஒவ்வொரு படிக்கும் ஒரு சட்டம் இருந்தது, ஒரு கையெழுத்து இருந்தது, ஒரு காரணமும் இருந்தது.

இதில் போன்ஹோஃபர் எங்கே வருகிறார்? ஹிட்லர் பதவியேற்ற இரண்டாவது நாள், பிப்ரவரி 1-ம் தேதி, அவர் பெர்லின் ரேடியோவில் பேசினார். தலைவர் என்கிற எண்ணம் இளைஞர்களை ஏன் இப்படி இழுக்கிறது என்பதுதான் தலைப்பு. தன் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்பதை மக்களிடம் தெளிவாகச் சொல்லாமல், தன்னைத் தெய்வமாக்கிக்கொள்ள விடுகிற தலைவர் வழிகாட்டி அல்ல, வழிதவறச் செய்கிறவர் என்பது அந்த உரையின் சாரம். பேச்சு முடிவதற்குள் ஒலிபரப்பு நின்றுபோனது. அவர் விடவில்லை. முழு உரையையும் பிரதி எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவைத்தார். அப்போது அவருக்கு 26 வயது. பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி.

சபை ஏன் கைதட்டியது?

நியாயமான கேள்வி. ஏசுவைக் கும்பிடுகிறவர்கள் ஹிட்லருக்கு எப்படி ஆதரவு கொடுத்தார்கள்?

அன்றைய ஜெர்மானியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். முதல் உலகப்போரில் தோற்ற அவமானம் ஆறவில்லை. 1932-ல் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். கம்யூனிஸ்ட்டுகள் வந்தால் சர்ச்சை மூடிவிடுவார்கள் என்ற பயம் வேறு. அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்ற பைபிள் போதனையைப் பல தலைமுறைகளாக ஒரு பக்கமாகவே படித்துப் பழகியிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து நாட்டின் மானத்தை மீட்கிறேன், குடும்பத்தையும் ஒழுக்கத்தையும் காப்பாற்றுகிறேன் என்றதும் பலருக்கு அது ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாகவே தெரிந்தது.

ஜெர்மன் கிறிஸ்தவர்கள் என்ற பெயரில் சபைக்குள்ளேயே ஒரு நாஜி ஆதரவு இயக்கம் வளர்ந்தது. 1933 ஜூலையில் நடந்த சபைத் தேர்தலுக்கு முந்தைய நாள் ஹிட்லரே ரேடியோவில் அவர்களுக்காகப் பேசினார். பெரும் வெற்றி. யூத வம்சாவளியில் பிறந்தவர்கள் அரசு வேலையில் இருக்கக் கூடாது என்று ஏப்ரலில் வந்த சட்டத்தை, சில மாதங்களில் சபைக்குள்ளும் கொண்டுவந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தாலும், போதகராக இருந்தாலும், யூத வம்சாவளி என்றால் பீடத்தில் ஏறக் கூடாது. போன்ஹோஃபரின் நெருங்கிய நண்பர் ஃப்ரான்ஸ் ஹில்டெப்ரான்ட் அப்படிப்பட்ட ஒரு போதகர்தான்.

அந்த ஏப்ரலிலேயே போன்ஹோஃபர் ஒரு கட்டுரை எழுதினார். அரசு தவறும்போது சபைக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன என்றார். முதல் வேலை, நீ செய்வது ஒரு அரசு செய்யக்கூடிய காரியமா என்று அரசிடம் கேட்பது. இரண்டாவது, பாதிக்கப்பட்டவர் எந்த மதமாக இருந்தாலும் அவருக்கு உதவுவது. மூன்றாவதுதான் பலரைத் திடுக்கிட வைத்தது. சக்கரத்தில் நசுங்கியவர்களுக்குக் கட்டுப் போடுவதோடு நிற்காமல், அந்தச் சக்கரத்தையே தடுத்து நிறுத்துவது.

அந்தக் கட்டுரையிலும் யூதர்களைப் பற்றிய பழைய கிறிஸ்தவ முன்முடிவுகள் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. அவரும் தன் காலத்து மனிதர்தான். அதே மாதம் அவருக்கு ஒரு சோதனை காத்திருந்தது.

பாட்டி நடந்தார்... பேரன் தயங்கினார்

1933 ஏப்ரல் 1. யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி நாடு முழுக்க நாஜி உத்தரவு. கடை வாசல்களில் பழுப்புச் சட்டை போட்ட குண்டர்கள் காவல். போன்ஹோஃபரின் பாட்டி ஜூலிக்கு 90 வயதைத் தாண்டியிருந்தது. அந்தக் காவலைக் கண்டுகொள்ளாமல், நேராக ஒரு பெரிய யூதர் கடைக்குள் நடந்து போனார். வேண்டியதை வாங்கினார், வெளியே வந்தார்.

அதே மாதம் இன்னொரு சம்பவம். சபீனாவின் கணவர் கெர்ஹார்ட் லைப்ஹோல்ஸ் யூத வம்சாவளியைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர். அவருடைய அப்பா இறந்துபோனார். ஞானஸ்நானம் பெறாத யூதர். இறுதிச் சடங்கை நடத்தித் தர முடியுமா என்று குடும்பம் போன்ஹோஃபரைக் கேட்டது. அவர் தன் மேலதிகாரியிடம் ஆலோசனை கேட்டார். இந்த நேரத்தில் வேண்டாமே என்று பதில் வந்தது. அவரும் மறுத்துவிட்டார்.

கூடப்பிறந்த இரட்டைச் சகோதரியின் மாமனார். சக்கரத்தைத் தடுக்க வேண்டும் என்று எழுதிய அதே கை. என்னாச்சு? பயமா, பதவியா, நடைமுறையா? எதுவாக இருந்தாலும், அந்தத் தயக்கம் அவரை விடவில்லை. சில மாதங்கள் கழித்து சபீனாவுக்கும் கெர்ஹார்ட்டுக்கும் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். அப்படி எப்படி நடந்துகொண்டேன் என்று தனக்கே புரியவில்லை என்று வருந்தினார்.

இவரை ஹீரோவாக மட்டும் காட்டுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால், நமக்கு உபயோகமானது இதுதான். சரியாகப் பேசுவதும் சரியான நேரத்தில் போய் நிற்பதும் வேறு வேறு. முதலாவதைச் செய்யத் தெரிந்தவர், இரண்டாவதைத் தோற்றுத்தான் கற்றுக்கொண்டார்.

காந்தியிடமிருந்து வந்த அழைப்பு

1933 இறுதியில் லண்டன் போனார். அங்கிருந்த இரண்டு ஜெர்மானிய சபைகளுக்குப் போதகர் வேலை. சிச்செஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல் அங்கே அவருக்கு நெருங்கிய நண்பரானார். ஜெர்மனியில் நடப்பதை வெளியுலகத்துக்குச் சொல்ல அந்த நட்பு உதவியது. இதற்கிடையே, 1934 மே மாதம், ஹிட்லரின் பிடிக்குள் போக மறுத்த போதகர்கள் பார்மென் நகரத்தில் கூடி, சபைக்குத் தலைவர் கிறிஸ்து மட்டுமே என்று அறிக்கை விட்டார்கள். 'அறிக்கையிடும் சபை' என்று அவர்களுக்குப் பெயர்.

இந்தக் காலத்தில் போன்ஹோஃபரின் மனதில் இருந்த ஊர் எது தெரியுமா? இந்தியா! அகிம்சையால் ஓர் ஏகாதிபத்தியத்தையே எதிர்க்க முடியும் என்று காட்டிக்கொண்டிருந்த காந்தியிடம் கற்றுக்கொள்ள விரும்பினார். ஏசுவின் மலைப்பிரசங்கத்தை ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் அழகான வாசகமாக வைத்திருக்க, அதை ஓர் இந்து நடைமுறையில் செய்துகாட்டுகிறார் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. பேராயர் பெல் அறிமுகக் கடிதம் எழுத, 1934 நவம்பரில் காந்தியிடமிருந்து பதில் வந்தது. வாருங்கள், ஆசிரமத்தில் தங்கலாம் என்ற அழைப்பு.

ஆனால் அவர் வரவில்லை. அறிக்கையிடும் சபை தனக்கென்று இளம் போதகர்களைப் பயிற்றுவிக்க ஒரு கல்லூரி தொடங்கியது. அதை நடத்த ஆள் வேண்டும் என்று அழைப்பு வந்தது. 1935-ல் இந்தியாவுக்குப் பதிலாக ஜெர்மனிக்குப் போனார்.

மலிவு விலையில் கிருபை கிடைக்காது

ஃபிங்கன்வால்ட் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டில் நடந்தது அந்தக் கல்லூரி. காலையும் மாலையும் ஜெபம், பகலில் பாடம், நடுவில் விளையாட்டு, சாயங்காலம் பாட்டு. ஹார்லமிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டுகளை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவார். அரசாங்கத்தின் பார்வையில் அது சட்டவிரோதக் கல்லூரி. அங்கே படித்தால் சம்பளத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் வந்தார்கள்.

அந்த வகுப்புகளிலிருந்து பிறந்த புத்தகம்தான் 1937-ல் வெளிவந்த 'சீடத்துவம்'. மலிவான கிருபை என்ற ஒன்றை அதில் அவர் கிழித்துத் தொங்கவிட்டார். மனசு மாறாமலே மன்னிப்பு, விலை கொடுக்காமலே பக்தி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையோடு முடிந்துபோகிற விசுவாசம்... இதுதான் மலிவான கிருபை. ஹிட்லருக்குக் கை தூக்கிவிட்டு அதே கையால் பைபிளைத் திறக்க முடிந்ததே, அது இதனால்தான் என்பது அவர் வாதம்.

1937-ல் ரகசிய போலீஸ் கல்லூரிக்கு சீல் வைத்தது. மாணவர்கள் பலர் கைதானார்கள். 1938 செப்டம்பரில் சபீனாவின் குடும்பம் நாட்டைவிட்டுத் தப்பியது. நவம்பர் 9-ம் தேதி இரவு யூதர்களின் ஜெபாலயங்கள் கொளுத்தப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன. போன்ஹோஃபர் தன் பைபிளில் 74-ம் சங்கீதத்தைத் திறந்து, தேசத்தின் ஆலயங்கள் எரிக்கப்பட்டதைப் பற்றிய வசனத்துக்கு அடிக்கோடிட்டு, ஓரத்தில் அந்தத் தேதியை எழுதினார்.

அவருடைய சொந்த அணியான அறிக்கையிடும் சபை என்ன செய்தது? பெரும்பாலும் மௌனம். சபையின் சுதந்திரத்துக்காகப் போராடியவர்களில் பலர், எரிகிற ஜெபாலயத்துக்காக வாய் திறக்கவில்லை. தன் கூரையில் தீப்பிடித்தால் மட்டும் கத்துவது எதிர்ப்பு ஆகுமா? இந்தக் கேள்வி அவரைத் தனிமைப்படுத்தியது.

கை தூக்கிய ரகசியம்

இப்போது அந்த நியூயார்க் காட்சிக்கு வருவோம். 1939 ஜூன் 12-ம் தேதி வந்து இறங்கினார். நிம்மதி இல்லை. தெருத்தெருவாக நடந்தார், செய்தித்தாள்களைப் புரட்டினார். என் மக்களோடு இந்தச் சோதனையை நான் அனுபவிக்காவிட்டால், போருக்குப் பிறகு அவர்களின் வாழ்வைத் திரும்பக் கட்டுகிற உரிமை எனக்கு இருக்காது என்று தன்னை அழைத்த பேராசிரியருக்கு எழுதிவிட்டு, ஜூலை முதல் வாரத்திலேயே கப்பல் ஏறிவிட்டார். செப்டம்பர் 1-ல் போர் தொடங்கியது.

அக்கா கணவர் ஹான்ஸ் ஃபான் டோனன்யி ராணுவ உளவுத்துறையில் இருந்தார். ஹிட்லரைக் கவிழ்க்க ஒரு ரகசியக் குழு அந்தத் துறைக்குள்ளேயே இயங்கியது. போன்ஹோஃபரும் அதில் சேர்ந்தார். வெளியே உளவுத்துறை ஊழியர். உள்ளே சதிக்குழுவின் தூதர்.

1940 ஜூனில் ஒருநாள், நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவோடு ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தார். பிரான்ஸ் விழுந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு. கூட்டமே எழுந்து கை தூக்கிப் பாடியது. போன்ஹோஃபரும் எழுந்து கை தூக்கினார். பெத்கே அதிர்ந்துபோய் நிற்க, உடனே கையைத் தூக்கு என்று அவரையும் அவசரப்படுத்தினார். இனிமேல் வேறு காரியங்களுக்காக உயிரைப் பணயம் வைக்கப்போகிறோம், இந்த சல்யூட்டுக்காக அல்ல என்பது அவர் கணக்கு.

1942-ல் அவருடைய குழு, யூதர்களும் யூத வம்சாவளியினருமான 14 பேரை உளவாளிகள் என்று காகிதத்தில் காட்டி ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பிக் காப்பாற்றியது. அதே வருஷம் ஸ்வீடனுக்குப் போய், பேராயர் பெல்லிடம் சதிக்குழுத் தலைவர்களின் பெயர்களைச் சொன்னார். பெல் அதைப் பிரிட்டிஷ் அமைச்சர் ஆண்டனி ஈடனிடம் கொண்டுபோனார். பிரிட்டிஷ் அரசு பதில் தர மறுத்துவிட்டது.

காந்தியைத் தேடியவர், அகிம்சையைப் போதித்தவர், கொலைத் திட்டத்தில் எப்படி? போன்ஹோஃபர் இதற்குச் சுலபமான சமாதானம் தேடவில்லை. கொலை பாவம் அல்ல என்று அவர் சொல்லவே இல்லை. தன் கைகள் சுத்தமாக இருந்தால் போதும் என்று ஒதுங்கி நிற்பதும் குற்றமே, அடுத்தவருக்காகப் பொறுப்பெடுக்கிறவன் அந்தக் குற்றப்பழியையும் சுமந்துகொண்டு கடவுளின் இரக்கத்தை நம்பித்தான் நிற்க வேண்டும் என்று அவர் நினைத்தார். ஹிட்லர்மேல் குண்டு வைத்தது அவர் அல்ல. செய்தி கொண்டுபோனார், தொடர்பு ஏற்படுத்தினார், மனசாட்சி தடுமாறியவர்களோடு பேசினார்.

முட்டாள்தனம் பற்றி ஒரு கட்டுரை

1942 இறுதியில் நெருங்கிய நண்பர்களுக்காக ஒரு கட்டுரை எழுதினார். அதன் ஒரு பிரதியைப் பெற்றோர் வீட்டுக் கூரைக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். நாஜி ஆட்சியின் பத்து வருஷங்களில் என்ன கற்றோம் என்ற கணக்கு அது. அதில் முட்டாள்தனம் பற்றி வருகிற பகுதியை ரீல்ஸில்கூட பார்த்திருப்பீங்க.

அவர் சொன்னது இதுதான். கெட்ட எண்ணத்தை எதிர்த்துப் போராடலாம், முட்டாள்தனத்தை எதிர்ப்பது அதைவிடக் கஷ்டம். ஏனென்றால் அது மூளைக் குறைவு அல்ல. நன்றாகப் படித்தவர்களும் அதில் விழுவார்கள். பெரிய அதிகாரம் ஒன்று எழும்போது, மனிதர்கள் தாங்களாக யோசிக்கிற உரிமையைத் தாங்களே ஒப்படைத்துவிடுகிறார்கள். பிறகு அவர்களோடு பேசினால், பேசுவது அவர்கள் அல்ல, அவர்கள் வாயில் ஏறிய கோஷங்கள். ஆதாரம் காட்டினால் நம்ப மாட்டார்கள், கோபப்படுவார்கள். பாடம் நடத்தி இதைச் சரிசெய்ய முடியாது, அந்தப் பிடியிலிருந்து விடுதலை கிடைத்தால்தான் முடியும்.

எதிர்க்கட்சிக்காரர்களை முட்டாள் என்று திட்டுவதற்காக இதை ஃபார்வர்டு செய்கிறவர்கள் அதிகம். ஆனால், இது கண்ணாடி. நமக்குப் பிடித்த தலைவர் ஒன்று சொன்னதும், யோசிக்காமல் நாம் ஷேர் பட்டனை அழுத்துகிறோமே, அங்கே பிடித்துப் பார்க்க வேண்டியது.

எண் 92, டெகல் சிறை

1943 ஜனவரியில் மரியா ஃபான் வெடமெயருடன் அவருக்குத் திருமணம் நிச்சயமானது. அவருக்கு 36, மரியாவுக்கு 18. ஏப்ரல் 5-ம் தேதி அவர் கைதானார். பெர்லினின் டெகல் சிறையில் 92-ம் எண் அறை. அங்கே ஒன்றரை வருஷம். மரியாவுடனான சந்திப்புகள் எல்லாம் காவலர் முன்னிலையில்.

நண்பர் பெத்கேவுக்கு அங்கிருந்து எழுதிய கடிதங்கள் பிற்பாடு 1951-ல் புத்தகமாக வந்து உலகம் முழுக்கப் படிக்கப்பட்டன. கஷ்டம் வந்தால் மட்டும் கூப்பிடுகிற கடவுளை அல்ல, வாழ்க்கையின் நடுவில் இருக்கிற கடவுளைத் தேடினார். சபை என்பது மற்றவர்களுக்காக இருக்கும்போதுதான் சபை என்று எழுதினார்.

1944 ஜூலை 20-ல் ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டு குறி தவறியது. வேட்டை தொடங்கியது. சதிக்குழுவின் ரகசிய ஆவணங்கள் சிக்கின. ஒரு காவலரின் உதவியோடு தப்பிக்கத் திட்டம் போட்டார் போன்ஹோஃபர். மெக்கானிக் உடைகூடத் தயார். ஆனால் அக்டோபர் தொடக்கத்தில் அண்ணன் க்ளாஸ் கைதானார். தான் தப்பினால் குடும்பத்தைப் பழிவாங்குவார்கள் என்று திட்டத்தைக் கைவிட்டார். தப்பிக்கிற வழியை அவர் மறுத்தது இது இரண்டாவது முறை.

1945 பிப்ரவரியில் பூகன்வால்ட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எங்கே இருக்கிறார் என்று தெரியாமல், குளிர்கால உடைகளை எடுத்துக்கொண்டு ஃப்ளோசன்பர்க் முகாம்வரை தேடிப்போனார் மரியா. அப்போது அவர் அங்கே இல்லை. ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை. சக கைதிகளுக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் ஆராதனை நடத்தி முடித்தார். உடனே காவலர்கள் வந்து அழைத்துப்போனார்கள். அதே ஃப்ளோசன்பர்க். இரவோடு இரவாக ஒரு போலி விசாரணை, வாதாட வக்கீல் கிடையாது. ஏப்ரல் 9 அதிகாலை தூக்கு. வயது 39. இரண்டு வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமை மீட்டது. மூன்று வாரத்தில் ஹிட்லர் செத்துப்போனார்.

அண்ணன் க்ளாஸ், இரண்டு சகோதரிகளின் கணவர்கள்... அவர்களையும் அதே மாதம் கொன்றார்கள். டீட்ரிக் இறந்த செய்தி பெற்றோருக்கு ஜூலை மாதக் கடைசியில்தான் தெரிந்தது. லண்டனில் அவருக்காக நடந்த நினைவு ஆராதனையை ரேடியோவில் ஒலிபரப்பினார்கள், அப்படி.

இவர் யார் பக்கம்?

போர் முடிந்த பிறகும், அவர் அரசியலுக்காகத்தானே செத்தார், விசுவாசத்துக்காக இல்லையே என்று சொல்லி அவரை ரத்தசாட்சி என்று அழைக்கத் தயங்கினார்கள் அவருடைய சபையைச் சேர்ந்த சிலர். இரண்டையும் பிரிக்கவே முடியாது என்று வாழ்ந்து காட்டியவருக்கு இது வேடிக்கையான முடிவு. 1998-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் மேற்கு வாசலுக்கு மேலே, மார்ட்டின் லூதர் கிங் உட்பட 20-ம் நூற்றாண்டு ரத்தசாட்சிகள் பத்துப் பேரின் சிலைகளில் ஒன்றாக இவருடையதும் வைக்கப்பட்டது.

இன்று சிக்கல் தலைகீழ். எல்லோருக்கும் அவர் வேண்டும். அமெரிக்காவில் வலதுசாரிகளும் இடதுசாரிகளும், எதிரியை ஹிட்லர் என்று சொல்லிவிட்டு, தங்களை போன்ஹோஃபர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 2024-ல் வந்த ஒரு படத்தின் போஸ்டரில் அவர் கையில் துப்பாக்கியே கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்தவ தேசியவாதத்துக்கு அவர் பெயரைப் பயன்படுத்துவதை எதிர்த்து அவருடைய குடும்ப வாரிசுகள் அறிக்கை விட்டார்கள்.

அவர் பெயரைச் சொல்கிற யாரையும் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கு. இவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று பாருங்க. தன் மதம், தன் சாதி, தன் கட்சி பாதிக்கப்படும்போது மட்டும் பேசினால், அது போன்ஹோஃபர் வழி அல்ல. சபீனாவின் மாமனார் ஞானஸ்நானம் பெறாதவர் என்று தயங்கியதுதான், அவர் மனதில் உறுத்திய விஷயம்.

இன்னொன்றும் இருக்கு, அது நமக்கு. அவருடைய வாழ்க்கையைத் தேதி போட்டு அடுக்கிப் பாருங்க, விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். 1933 ஏப்ரலில் கேட்கப்பட்டது, ஒரு கடைக்குள் நடந்துபோகிற தைரியம், ஓர் இறுதிச் சடங்கு நடத்துகிற தைரியம். 1935-ல் சம்பளமும் பாதுகாப்பும். 1940-ல் நல்ல பெயரும் மனநிம்மதியும். 1945-ல் உயிர். விலை மலிவாக இருந்தபோது கொடுக்கத் தயாராக லட்சக்கணக்கானவர்கள் இருந்திருந்தால், கடைசி விலையை அவர் கொடுக்க வேண்டி வந்திருக்காது.

உங்கள் காலனியில், கல்லூரியில், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரையாவது ஒதுக்கச் சொல்லி ஒரு மெசேஜ் வரும். பெரிய விஷயமாகவே தெரியாது. அப்போது ஒரு 90 வயசுப் பாட்டி அந்த வாசலில் என்ன செய்தார் என்பதை ஞாபகம் வைச்சுக்கோங்க. சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. போகக் கூடாது என்ற கடைக்குள் போனார், சாமான் வாங்கினார், வீட்டுக்கு வந்தார்.